பொருள்: பார்க்கர் 51 மைப்பேனாவுக்கு இந்தியன் இங்க் விற்றது குறித்துப் புகார்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். ஆங்கிலத்தில் நான்கு மின்னஞ்சல் போட்டாயிற்று. நான்குக்கும் "புகார் பதிவாகிவிட்டது" என்ற ஒரே பதில்தான். கடை முதலாளி தமிழர் என்று கேள்வி. இனித் தமிழிலேயே எழுதிப் பார்க்கிறேன்.

வாங்குமுன் கவுண்டரில் பேனாவையே எடுத்துக் காட்டினேன்: பார்க்கர் 51, 1948-க்கு முந்திய வேக்குமேட்டிக், அதாவது பின்பக்கப் பிளஞ்சரை அழுத்தி மை உறிஞ்சும் வகை, உள்ளே ரப்பர் டயாஃபிரம் என்ற மெல்லிய சவ்வு. அழியாத கறுப்பு மை இதற்கு ஒத்துவருமா என்று கேட்டுத்தான் 320 ராண்ட் கொடுத்தேன். உங்கள் ஆள் எடுத்து நீட்டியது இந்தியன் இங்க். அதில் கரித்தூளும் ஷெல்லாக் அரக்கும் இருப்பதை விற்கிற உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்? தொட்டு எழுதும் பேனாவுக்கான மை அது. காய்ந்தால் தண்ணீரில் கரையாது. 51-இன் நிப்போ கூட்டுக்குள் மறைந்திருப்பது. அதைச் சுற்றி, விசிறி மடிப்புபோல மெல்லிய தகடுகளாக வெட்டிய 'கலெக்டர்', மிகுதி மையைத் தாங்கிக்கொள்ளும் பாகம். அந்த இடுக்கு முழுக்க இப்போது அரக்கு. பிளஞ்சரைப் பத்துப் பத்துத் தடவை அழுத்தினாலும் சாம்பல் தண்ணீர் இரண்டு சொட்டு கசிகிறது, அவ்வளவுதான்.

சாட்ஸ்வர்த்திலிருந்து உம்லாங்காவில் உள்ள உங்கள் கடைக்கு மூன்று தடவை அலைந்தேன். மூன்றாவது தடவை, சனிக்கிழமை கவுண்டரில் நிற்கும் அந்தத் தம்பி பேனாவைக் கையில்கூட வாங்கவில்லை. "தாத்தா காலத்துப் பேனா அங்கிள், செத்துத்தான் போகும். ஸ்பிரிட்ல ஊறப்போடுங்க" என்றார், போனைப் பார்த்துக்கொண்டே. ஸ்பிரிட்டாம்! அரக்கு கரையும், சரி. அந்த அக்ரிலிக் உடம்பும் கலெக்டரும் சேர்ந்தே வெடிப்பு விடுமே! வீட்டு அமோனியா ஒரு பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு, பாத்திரச் சோப்பு ஒரு சொட்டு, இவற்றைக் கலந்து அலசுவது: முதலில் செய்ய வேண்டியது அது. செய்தும் பார்த்தாயிற்று, அரைகுறையாகத்தான் விட்டது. இனிக் கூட்டை உலர் சூட்டில் இளக்கிக் கழற்றி, தகடு தகடாகச் சுத்தம் செய்ய வேண்டும். அதில் ஒரு தகடு ஒடிந்தால் அருங்காட்சியகப் பொருள் ஒன்று போனதாகத்தான் கணக்கு.

வாட்டர்மேன் நீலம், பெலிக்கன் 4001 ராயல் ப்ளூ, குயிங்க் கழுவக்கூடிய நீலம், இந்த மைகளில் ஒன்றை எடுத்துத் தந்திருக்கலாம். "அழியாத மை இந்தப் பேனாவில் வேண்டாம்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

தயவுசெய்து பத்து வேலை நாளுக்குள் மை விலையையும், பழுதுபார்க்கும் செலவையும், மதிப்பிழப்புக்கு 15,000 ராண்டையும் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். இன்ன உபயோகத்துக்கு என்று சொல்லி வாங்கிய பொருள் அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்கிறது தென்னாப்பிரிக்காவின் 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 55(3). பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் ஆணையத்தில் சந்திப்போம். மற்றபடி உங்கள் கடைமேல் எனக்கு விரோதம் ஒன்றுமில்லை.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
சாட்ஸ்வர்த், டர்பன்

பி.கு.: புட்டியின் அடியில் "தொட்டு எழுதும் பேனாவுக்கு மட்டும்" என்று பொடி எழுத்தில் இருக்கிறது. உங்கள் விலைச்சீட்டை நகத்தால் சுரண்டிய பிறகுதான் தெரிந்தது. சுரண்டுமுன் ஒன்று, சுரண்டியபின் ஒன்று, இரண்டு படமும் இணைத்திருக்கிறேன்.