சேதுவுக்கு, ஓட்டல் விஷயமாக

அன்புள்ள சேது,

ப்ளான் வந்தது. பதில் போடத் தாமதமானதற்குத் திட்டாதே. இங்கே ஒரு சைட்டை ஒப்படைக்கும் நேரம். கிளையண்ட் கடைசி வாரத்தில் லாபி கிரானைட்டின் நிறம் பிடிக்கவில்லை என்கிறார். நம் காலேஜ் ஸ்கேல் சார் இருந்திருந்தால் "கல்லை மாத்து, இல்லேன்னா ஆளை மாத்து" என்றிருப்பார்.

நீ ஆளை மாற்றக் கிளம்பிவிட்டாய். இனி எவனுக்கும் வரைந்து கொடுக்க மாட்டேன், நானே கடன் வாங்கி நானே கும்பகோணத்தில் ஓட்டல் கட்டுவேன் என்கிறாய். கூடவே "ஜான் போர்ட்மேன் செய்யலையா?" என்று ஒரு கேள்வி. அந்த அமெரிக்க ஆர்க்கிடெக்டின் பெயரை என்னிடம் எடுத்தாய் அல்லவா, இப்போது முழுசாகக் கேள்.

ஹாஸ்டல் சுவரில் நான் ஒட்டியிருந்த, அவர் வரைந்த அட்லாண்டா ஹயட் ரீஜன்ஸி ஓட்டல் படத்தைப் பார்த்து "ஜெயில் மாதிரி இருக்கேடா" என்றவன் நீ. 1967-ல் அது திறக்கும்வரை அங்கே பெரிய ஓட்டல் என்றால் நடுவே இருண்ட காரிடார், இரண்டு பக்கமும் கதவுகள், கீழே தலையில் இடிக்கிற மாதிரி ஒரு லாபி, அவ்வளவுதான். மனுஷன் அறைகளை எல்லாம் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, நடுவில் 22 மாடி உயரத்துக்கு வெறும் வெளியை விட்டார். கண்ணாடி லிப்டுகள் அதற்குள் ஏறி இறங்கின. பெரிய ஓட்டல் கம்பெனிகள் கைவிரித்துவிட, அவ்வளவாகப் பெயரெடுக்காத ஹயட் வாங்கியது. அந்த ஒரு கட்டடத்தால் ஹயட்டும் வளர்ந்தது, போர்ட்மேனும் வளர்ந்தார்.

உனக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். ஏட்ரியம் என்கிற அந்த நடு வெளியை அவர் முதலில் செய்து பார்த்தது ஓட்டலில் இல்லை. அதே அட்லாண்டாவில், வசதியில்லாத முதியவர்களுக்காக அரசு கட்டிய அன்டுவான் கிரேவ்ஸ் குடியிருப்பில், 1965-ல். கதவைத் திறந்தால் எதிர்வீட்டுக்காரர் முகம் தெரிய வேண்டும், உங்கள் திருக்காட்டுப்பள்ளி வீட்டு முற்றம் மாதிரி. 2009-ல் அதை இடித்துவிட்டார்கள். எனக்கு அவருடைய மற்ற எல்லாக் கட்டடங்களையும்விட இது ஒன்றுதான் மனதில் நிற்கிறது.

சரி, பணத்துக்கு வருவோம். ஆர்க்கிடெக்டே பில்டராகவும் இருப்பது அந்தக் காலத்தில் அங்கே தொழில் தர்மத்துக்கு விரோதம் என்றே பலர் நினைத்தார்கள். இவர் கவலைப்படவில்லை. ஆனால் எதில் தொடங்கினார் என்று பார். ஓட்டலில் இல்லை. மரச்சாமான் மொத்த வியாபாரிகள் சரக்கைக் கடைபரப்ப இடமில்லாமல் அலைவதைக் கவனித்து, பழைய கார் நிறுத்தக் கட்டடம் ஒன்றைப் பிடித்து அவர்களுக்கு வாடகைக்கு விட்டார். அது நிரம்பிய பிறகுதான் 1961-ல் மொத்த வியாபாரிகளுக்கென்றே பெரிய மெர்ச்சண்டைஸ் மார்ட் கட்டடம். சரக்கு பார்க்க வெளியூரிலிருந்து வருகிறவன் ராத்திரி எங்காவது தங்க வேண்டுமே? அதற்குத்தான் ஓட்டல். ஆள் முதலில், கட்டடம் பிறகு. நீ எலிவேஷனை, அதாவது முகப்பை, முதலில் வரைந்துவிட்டு, தங்க யார் வருவார் என்று என்னைக் கேட்கிறாய்!

வந்தார்கள் என்றே வைத்துக்கொள். நாற்பது அறைக்கு ஐந்து மாடி ஏட்ரியம் எதற்கடா? காரிடாரின் ஒரு பக்கம்தான் அறை. அதே எண்ணிக்கைக்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு நடைபாதை கட்ட வேண்டும். அந்த வெற்றிடத்துக்கு ஏசி போட வேண்டும், தீப்பிடித்தால் புகை வெளியேற ஃபேன் வைக்க வேண்டும். கீழே முகூர்த்தத்துக்கு நாதஸ்வரம் வாசித்தால் ஐந்தாம் மாடியில் படுத்திருப்பவன் தாலி கட்டும் நேரத்தைத் துல்லியமாகச் சொல்வான். அட்லாண்டாவில் 800 அறைகள் அந்தச் செலவைத் தாங்கின.

இங்கே சிங்கப்பூரில் மெரினா ஸ்குவேரிலும் அவர் வரைந்த ஓட்டல்கள் உண்டு, கடலை நிரப்பிய நிலத்தில். மெரினா மாண்டரின் என்று இருந்ததில் 21 மாடி ஏட்ரியம். இப்போது பெயர் மாறி, உள்ளே தோட்டமே வைத்துவிட்டார்கள். மனது சரியில்லாத நாளில் ஒரு காபி வாங்கிக்கொண்டு அங்கே போய் உட்காருவேன். காபி விலையைச் சொன்னால் நீ ஓட்டல் கட்டும் எண்ணத்தில் இன்னும் உறுதியாகிவிடுவாய்.

இப்போது விளையாட்டு இல்லாமல் சொல்கிறேன். கையில் பணம் இருந்தவரை அவரைத் தடுக்க ஆளில்லை. அது நல்லதுக்கும் ஆயிற்று, கெட்டதுக்கும் ஆயிற்று. டெட்ராய்ட்டில் 73 மாடி ஓட்டலை நடுவில் வைத்து ரெனசான்ஸ் சென்டர், 1977-ல். தெருவில் நடப்பவனுக்கு உள்ளே போகும் வழி தெரியாத கோட்டை. லாஸ் ஏஞ்சலஸ் பொனவென்ச்சர் ஓட்டலில் வந்தவர்கள் வழி தெரியாமல் சுற்றினார்கள் என்று பின்னால் வண்ண அடையாளம் வைத்தார்கள். நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில் மாரியட் மார்க்கி ஓட்டல் கட்ட, 1982-ல் ஐந்து பழைய நாடக அரங்குகள் இடிபட்டன. நடிகர்கள் தெருவில் இறங்கிப் போராடியும் நிற்கவில்லை. லாபியை எட்டாவது மாடியில் வைத்தார்! அவருக்குத் தெரு மேல் என்ன கோபமோ. "இது வேண்டாம்" என்று சொல்ல ஒரு பிடிவாதக்கார கிளையண்ட் பக்கத்தில் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்குமே என்று எனக்குத் தோன்றும். கிரானைட் ஆசாமியோடு மல்லுக்கட்டும் நானே இதைச் சொல்கிறேன் பார்.

அப்புறம் 1990 வாக்கில் அமெரிக்காவில் ரியல் எஸ்டேட் படுத்தது. கடன் கொடுத்தவர்கள் கழுத்தைப் பிடிக்க, தான் வரைந்து, தானே சொந்தமாக வைத்திருந்த கட்டடங்களில் பெரும்பகுதி கையைவிட்டுப் போயிற்று. வயது அறுபத்தைந்துக்கு மேல். மனுஷன் உட்கார்ந்துவிடவில்லை, அதே 1990-ல் ஷாங்காய் சென்டர் முடிந்திருந்தது, சீனாவில் வேலை கூடியது, 2017-ல் 93 வயதில் சாகும்வரை வேலை பார்த்தார். ஆனால் அவருக்கு ஓர் ஆபீஸ் நிறைய ஆட்கள் இருந்தார்கள். உனக்கு இருப்பது நீயும் அந்த ஸ்கூட்டரும்.

திருக்காட்டுப்பள்ளி வீட்டுப் பத்திரத்தை பாங்கில் வைக்கப் போவதாக, ஏதோ சிமெண்ட் விலை சொல்வது போல ஒரு வரியில் எழுதியிருக்கிறாய். அந்த வீட்டில் அம்மா இருக்கிறார்கள். அம்மாவிடம் சொன்னாயா? மணியிடம் கேட்டேன், அவன் பேச்சை மாற்றினான், அதிலேயே தெரிந்துவிட்டது. கும்பகோணம் மனையை வைத்து எவ்வளவு கிடைக்குமோ அவ்வளவுக்குக் கட்டு. இருபது அறை போதும். மகாமகம் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறைதான், பாங்கு தவணை மாதாமாதம். கோபம் வந்தால் வரட்டும், உன் கல்யாணத்துக்கு முந்தின நாள் நான் சொன்னதற்கும் இப்படித்தான் முறைத்தாய்.

இங்கே எல்லோரும் நலம். சின்னவள் பரதம் கற்கிறாள், கீழ்வீட்டுக்காரர் தட்டுகிறார்.

ப்ளானில் சமையலறை பின்பக்கம், சர்வீஸ் லிப்ட் முன்பக்கம். இட்லி லாபியைக் கடந்துதான் மாடிக்குப் போகுமா? அதைத் திருத்தி, ஏட்ரியத்தை இரண்டு மாடிக்குக் குறைத்து அனுப்பு. பொங்கலுக்கு ஊருக்கு வருகிறேன். பத்திரம் அதுவரை பீரோவிலேயே இருக்கட்டும்.

அன்புடன்,
முரளி