பார்வையில்லாத பிள்ளைக்கும் காது கேளாத பிள்ளைக்கும் நம் வகுப்பில் இடம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். அடுத்த தவணை தரம் 4 இல் பார்வையில்லாத மாணவர் ஒருவரும் தரம் 1 இல் காது கேளாத மாணவி ஒருவரும் சேர்கிறார்கள். "பாவம், அதுகளுக்கு என்ன விளங்கும்?" என்று சிலர் கேட்டீர்கள். அக்கறையில் கேட்டதென்று தெரியும். ஆனாலும் அந்த எண்ணம் சரியில்லை.

கண் அனுப்புவதைப் பிரித்தறியும் பகுதி மூளையின் பின்பக்கம் இருக்கிறது. பிறவியிலேயே பார்வையில்லாதவர்களிடம் அது சும்மா கிடப்பதில்லை. அவர்கள் பிறெயில் எழுத்தை விரலால் தடவும்போது அதே பகுதி இயங்குவதை 1996 இல் ஆய்வாளர்கள் ஸ்கான் செய்து கண்டார்கள். மறுவருடம், காந்தத் துடிப்பால் அந்தப் பகுதியைச் சற்றுக் குழப்பியதும் வாசிப்பில் பிழைகள் வந்தன. நன்றாகப் பிறெயில் வாசித்த பெண்ணொருவர், பக்கவாதத்தால் பின்மூளையின் இருபுறமும் பாதிக்கப்பட்டபின், விரலில் உணர்வு இருந்தும் வாசிக்க முடியாமற்போன செய்தி 2000 இல் வெளியானது. இதைவிட வேறு சான்று வேண்டுமா?

சேர்க்கைக்கு வந்த அன்று அந்தத் தம்பி விறாந்தையில் கைத்தடியைத் தட்டிக்கொண்டே நடந்தார். மைதானத் திருப்பத்தில் நின்று, "இதில சுவர் முடிஞ்சுதே சேர்?" என்றார். தடியின் எதிரொலி அடங்கியதைக் கவனித்திருக்கிறார், நான் கவனிக்கவில்லை.

காது கேளாதோரிடமும் இப்படித்தான். சைகை மொழியைப் பார்க்கும்போது, ஒலிக்குரிய பகுதியும் இயங்குகிறது. ஓரக்கண்ணில் படும் அசைவை அவர்கள் நம்மைவிட நன்றாகக் கவனிக்கிறார்கள்.

"ஒன்றை எடுத்த கடவுள் இன்னொன்றைத் தருவார்" என்று இருந்துவிடக் கூடாது. பழக்கினால்தான் மூளை பழகும், அதுவும் சிறுவயதில். சத்திரசிகிச்சை செய்து செவிக்குள் பொருத்தும் கேட்கும் கருவிகூட (கொக்லியர் இம்பிளான்ட்) மூன்றரை வயதுக்கு முன் வைத்தால்தான் பெரும் பலன். ஏழு வயதைத் தாண்டினால் கேட்கும் வழியை முழுதாக வளர்த்தெடுப்பது மிகக் கடினம். "முதலில் பேச்சு வரட்டும்" என்று சைகையைத் தடுத்து வைப்பதை என்னால் ஏற்கமுடியாது. சைகை பேச்சைக் கெடுக்காது. மொழியே இல்லாமல் கழியும் வருடங்கள்தான் பிள்ளையைக் கெடுக்கும்.

ஆகவே, விறாந்தையில் புத்தகப்பைகளை வைக்கவேண்டாமென்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். தங்கச்சியோடு பேசும்போது முகத்தைப் பார்த்துப் பேசச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமைகளில் தரம் 1 பிள்ளைகளுக்குச் சைகை வகுப்பு நடக்கும். பெற்றோரும் வந்து உட்காரலாம்.

நிலாவெளியிலோ கிண்ணியாவிலோ உங்கள் உறவில் இப்படியொரு பிள்ளை வீட்டோடு இருந்தால், வயது போகவிடாமல் என்னிடம் கூட்டி வாருங்கள். பாடசாலை நாட்களில் காலை எட்டு மணி முதல் அலுவலகத்தில் இருப்பேன்.

இப்படிக்கு,
அதிபர்
திருகோணமலை