அவனே கேட்கட்டும்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதத்தில் பாதி பையனின் மார்க், மீதி உன் கவலை. அண்ணன் ஒரு பக்கம், பையன் ஒரு பக்கம் இழுக்க, நடுவில் நீ கயிறாகக் கிடக்கிறாய். போன வருஷம் இதே சமயம் நானும் அப்படித்தான் கிடந்தேன். அம்மா முழங்கால் ஆபரேஷன் முடிந்து கைத்தடி இல்லாமல் நடக்கிறாள். என் பக்கத்துச் செய்தி அவ்வளவுதான். இனி நீ கேட்ட விஷயம், பையனை எந்தக் காலேஜில், எந்தப் பாடத்தில் சேர்ப்பது என்பது.

மகளுக்காக நாங்கள் பார்த்த முதல் கல்லூரிக்கு, அவர்களே அழைத்த நாளில்தான் போனோம். ஏசி அரங்கம், பெரிய திரை, '95 சதவீதம் பேருக்கு வேலை' என்று கொட்டை எழுத்து. நான் அங்கேயே விழுந்துவிட்டேன். இவள்தான் சாதாரண நாளில் இன்னொரு தடவை போக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் போய் கேண்டீனில் உட்கார்ந்தோம். பக்கத்து மேஜையில் இரண்டாம் வருஷப் பெண்கள். திரையில் பெருமையாகக் காட்டிய லேப் மெஷினைப் பற்றி, "நீங்க கடைசியா அதை எப்போ தொட்டீங்க?" என்று இவள் கேட்டாள். ஒருத்தி சிரித்தேவிட்டாள். "தொடறதா? கண்ணாடிக்கு வெளியே நின்னு பார்த்தோம்."

அந்த 95 சதவீதத்தின் கதையையும் அவர்கள்தான் உடைத்தார்கள். வகுப்பில் 200 பேர் என்றால், அரியர் இல்லாத, மார்க் உள்ள 80 பேரைத்தான் கணக்கில் சேர்ப்பார்களாம். அதில் 76 பேருக்கு வேலை கிடைத்தால் 95 சதவீதம்! இருநூறு பேருக்குப் பார்த்தால் 38 சதவீதம்தான். சராசரிச் சம்பளமும் அப்படித்தான். ஒன்பது பேருக்கு 30 ஆயிரம், ஒருத்தனுக்கு 3 லட்சம் என்றால் சராசரி 57 ஆயிரம். அந்த 57 ஆயிரத்தை யாரும் வாங்கவில்லை. சம்பளங்களை வரிசையாக அடுக்கினால் நடுவில் நிற்பது எவ்வளவு என்று கேளுங்கள்.

அண்ணன் கல்லூரிகளின் தரவரிசைப் பட்டியலைத் தூக்கிக்கொண்டு அலைகிறார் என்று எழுதியிருக்கிறாய். 2022-இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகம் அந்நாட்டின் பிரபலமான பட்டியல் ஒன்றில் 2-ஆம் இடத்திலிருந்து 18-க்கு இறங்கியது. அதற்குள் கட்டடமா இடிந்தது? அங்கேயே பணிபுரியும் கணிதப் பேராசிரியர் ஒருவர், வகுப்பின் அளவு போன்ற விவரங்களில் பல்கலைக்கழகம் கொடுத்த எண்கள் சரியில்லை என்று கணக்குப் போட்டுக் காட்டினார், அவ்வளவுதான். பட்டியலைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. எதை அளந்து இடம் கொடுத்தார்கள் என்று அண்ணனை ஒருமுறை படிக்கச் சொல்.

தூரத்தையும் கணக்கில் எடு. போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி. வருஷத்துக்கு 200 நாள் என்றால் 600 மணி நேரம், அதாவது முழுசாக 25 நாள், ராத்திரி பகல் சேர்த்து! அந்த நேரத்தில் பிள்ளை தூங்கவாவது செய்யும்.

பெரிய பெயர் உள்ள கல்லூரியில் பிடிக்காத பாடமா, பெயர் இல்லாத இடத்தில் பிடித்த பாடமா என்று கேட்டாய். எனக்கும் தெளிவான பதில் கிடையாதடி. நான் கம்ப்யூட்டர் என்றேன், இவள் இயற்பியல் என்றாள். நாலு வாரம் வீட்டில் பேச்சில்லை. கடைசியில் இரண்டு பாடத்தின் முதல் வருஷப் பாடத்திட்டத்தையும் அச்செடுத்து மேஜையில் வைத்தேன். எந்தத் தாளைப் படிக்கும்போது நிமிர்ந்து உட்கார்ந்தாள் என்று பார்த்த பிறகு நான் வாயைத் திறக்கவில்லை. இப்போது தினமும் போனில் லேப் ரெக்கார்டு எழுதிக் கை ஒடிகிறது என்று புலம்புகிறாள், அது வேறு.

பையனிடம் இவள் நம்பரைக் கொடு. கேட்க வேண்டியதை அவனே கேட்கட்டும். பேசும்போது நீ பக்கத்தில் உட்கார்ந்து காதைத் தீட்டாதே.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரி