டியூஷன் அக்காவுக்கு பாராட்டு, நவம்பர் 14

எல்லாருக்கும் வணக்கம். 2021ல இல்லம் தேடிக் கல்வி ஆரம்பிச்சப்போ தன்னார்வலரா சேர்ந்தவங்க நம்ம டியூஷன் அக்கா, கவர்மெண்ட் கொடுத்த மாசம் 1000 ரூபாய்லயும் பாதி சாக்பீஸ், ஸ்கெட்ச்னு பசங்களுக்கே போயிடும், இப்பவும் சாயங்காலம் 5 மணி ஆனா அவங்க வாசல்ல பாய் விரிச்சாச்சு. எழுத்துக்கூட்டவே திணறின பசங்க இன்னைக்கு பேப்பர் படிக்குதுங்க.

குழந்தைகள் தினத்தன்னைக்கு சாயங்காலம் 5.30க்கு பிள்ளையார் கோயில் மண்டபத்துல சின்ன ஃபங்ஷன்.

1. வீட்டுக்கு 100 ரூபா, 10ஆம் தேதிக்குள்ள பொருளாளர்கிட்ட. ஜிபே ஸ்கிரீன்ஷாட் அவருக்கு தனியா அனுப்புங்க, இங்க வேணாம்.
2. சால்வை கிடையாது, பீரோலதான் தூங்கும். ஒயிட்போர்டும் ஒரு ஃபேனும் வாங்குறோம்.
3. அவங்ககிட்ட படிக்கிற பசங்க ஆளுக்கு ரெண்டு வரி எழுதிட்டு வரட்டும். பெத்தவங்க எழுதிக் கொடுக்காதீங்க ப்ளீஸ்.
4. அக்கா இந்த குரூப்ல இல்ல, அவங்க காதுக்கு போகக்கூடாது. கூட்டிட்டு வர்றது பசங்க பொறுப்பு.

எத்தனை பேர் வர்றீங்கன்னு 8ஆம் தேதிக்குள்ள நம்பரா போடுங்க, டீ, வடை சொல்லணும். வெறும் கட்டைவிரல் போட்டா கணக்குல வராது.