நான் ஏன் டீப் பர்ப்பிள் பக்கம்

அன்புள்ள கார்த்திக்,

ஞாயிற்றுக்கிழமை போனில் நமக்குப் பிடித்த அந்த இரண்டு இங்கிலாந்து ராக் குழுக்களைப் பற்றிப் பேசும்போது, "லெட் செப்பலின் எங்கே, டீப் பர்ப்பிள் எங்கே! அவங்களுக்கு ஒரே ஒரு பாட்டுதானேம்மா" என்று சொன்னாய். அப்போது உனக்கு மீட்டிங்குக்கு நேரமாகிவிட்டது. எனக்கும் போனில் சொன்னால் பாதிதான் வரும். அதனால் எழுதுகிறேன்.

முதலில் செப்பலினுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிடுகிறேன். ஜான் பான்ஹாம் மாதிரி ட்ரம்ஸ் வாசித்தவர் ராக் இசையில் இன்னொருவர் இல்லை. நீ அனுப்பிய வரிசையில் 'வென் தி லெவி பிரேக்ஸ்' இருந்தது இல்லையா, அதன் முதல் அடியே போதும். ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய பெரிய வீட்டின் கூடத்தில் ட்ரம்ஸைப் போட்டு, மாடிப்படிக்கு மேலே மைக்கைத் தொங்கவிட்டுப் பதிவு செய்தார்கள். அதனால்தான் வீடே சேர்ந்து அதிர்கிற மாதிரி கேட்கிறது. 'காஷ்மீர்' பாட்டில் பான்ஹாம் நாலு எண்ணிக்கையில் நேராக அடித்துக்கொண்டு போக, கித்தார் மூன்று மூன்றாகச் சுற்றி வரும். பன்னிரண்டில் இரண்டும் ஒன்றாக வந்து நிற்கும். கையால் தட்டிப் பார், எட்டரை நிமிடமும் தட்டத் தோன்றும். அந்தப் பாட்டு பிறந்தது காஷ்மீரில் இல்லை. பாடகர் ராபர்ட் பிளான்ட் மொராக்கோவின் பாலைவனச் சாலையில் கார் ஓட்டிப் போகும்போது தோன்றிய வரிகள் அவை. ஆனால் நம் ஊர்ப் பக்கமும் அவர்களுக்கு ஒரு காது இருந்தது. 1972-ல் கித்தார்காரர் ஜிம்மி பேஜும் பிளான்டும் பம்பாயில் உள்ளூர்க் கலைஞர்களைச் சேர்த்துக்கொண்டு 'ஃப்ரெண்ட்ஸ்', 'ஃபோர் ஸ்டிக்ஸ்' இரண்டையும் பதிவு செய்தார்கள். அது முறையாக வெளிவந்தது 2015-ல்தான். தேடிக் கேள்.

ஆல்பம் ஆல்பமாக எடுத்தால் செப்பலின்தான் பெரிய குழு, அதில் எனக்குச் சந்தேகமில்லை. அக்கூஸ்டிக் கித்தாரை வைத்துக்கொண்டு அத்தனை மென்மையாகவும் பாடுவார்கள், அடுத்த பாட்டிலேயே கூரையைப் பிய்ப்பார்கள். அந்த வீச்சு பர்ப்பிளுக்குக் கிடையாது.

ஆனாலும் எனக்குப் பிடித்தது பர்ப்பிள்தான். காரணம் அவர்களுடைய ஆர்கன்காரர் ஜான் லார்ட்.

செப்பலினில் எல்லாவற்றையும் மனதில் கட்டியவர் பேஜ். கித்தாரும் அவர்தான், புரொட்யூசரும் அவர்தான். மற்ற மூவரும் மகா திறமைசாலிகள், ஆனால் கேட்கும்போது ஒரு மனிதரின் கனவுக்குள் நாம் நடந்து போகிறோம். பர்ப்பிளில் அப்படி இல்லை. ரிச்சி பிளாக்மோரின் கித்தாருக்குச் சமமாக இன்னொரு வாத்தியம் எதிரே உட்கார்ந்திருக்கிறது. லார்ட் சின்ன வயதிலேயே முறையாகப் பியானோ படித்தவர். அவர் வாசித்த ஹேமண்ட் ஆர்கன் மின்சாரத்தில் இயங்கும் கீபோர்டு வாத்தியம். அதை வழக்கமாக லெஸ்லி என்ற சுழலும் ஸ்பீக்கர் வழியாக வாசிப்பார்கள். சர்ச்சிலும் ஜாஸிலும் கேட்கிற அந்த அலை அலையான ஒலி அதிலிருந்து வருவதுதான். லார்ட் அந்த ஆர்கனைக் கித்தார்காரர்கள் வைத்திருக்கிற மார்ஷல் ஆம்ப்ளிஃபயரில் கொண்டுபோய்ச் செருகினார். ஆர்கன் உறும ஆரம்பித்தது. சில இடங்களில் அது கித்தாரா ஆர்கனா என்று எனக்கே இன்னும் தடுமாறும். 1969-ல் ராயல் ஆல்பர்ட் ஹாலில் ராயல் ஃபில்ஹார்மானிக் ஆர்க்கெஸ்ட்ராவோடு ராக் குழுவை உட்காரவைத்து வாசித்தார்களே, அந்த இசையை எழுதியவரும் லார்ட்தான். அது முழுவதும் எனக்குப் பிடிக்கும் என்று சொல்லமாட்டேன், ஆனால் அந்தத் துணிச்சல் பிடிக்கும்.

நான் சொல்வது உனக்குப் புரிய வேண்டுமானால் 'மேட் இன் ஜப்பான்' என்ற அவர்களுடைய மேடைப் பதிவு ஆல்பத்தைக் கேட்க வேண்டும். 1972 ஆகஸ்டில் ஒசாகாவிலும் டோக்கியோவிலும் மூன்று இரவுகள் வாசித்ததிலிருந்து எடுத்தது. ஜப்பானில் மட்டும் வெளியிடத்தான் முதலில் எண்ணியிருந்தார்கள். உன் பெரிய மாமா டிடிகே கேசட்டில் பதிவு செய்து வைத்திருந்தார், நான் காலேஜ் படிக்கும்போது அதைத் தேயத் தேயக் கேட்டேன். அதில் 'ஸ்ட்ரேஞ்ச் கைண்ட் ஆஃப் உமன்' பாட்டின் நடுவே பிளாக்மோர் கித்தாரில் ஒரு துணுக்கு வாசிப்பார், பாடகர் இயன் கில்லன் அதை அப்படியே குரலில் திருப்பிக் கொடுப்பார். நம் கச்சேரியில் மிருதங்கமும் கடமும் மாறி மாறிக் கேட்டுப் பதில் சொல்வார்களே, அதே மாதிரி. பிளாக்மோர் மேலே மேலே போவார், இவரும் விடமாட்டார். ஒருவரை ஒருவர் உன்னிப்பாகக் கேட்டால்தான் அது நடக்கும். அந்த இரண்டு பேருக்கும் பின்னால் ஆகவே ஆகவில்லை, 1973-ல் கில்லன் குழுவை விட்டே போய்விட்டார். ஆனால் மேடையில் அந்த ராத்திரி அவர்கள் ஒருவர் மூச்சை ஒருவர் அறிந்து வாசித்தார்கள். எனக்கு அதுதான் இசை.

நீ சொன்ன அந்த 'ஒரே ஒரு பாட்டு' விஷயத்துக்கும் வருகிறேன். 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' கித்தார் கடைக்குள் நுழைகிறவன் எல்லாம் வாசிக்கிற பாட்டாகிவிட்டது, உண்மை. ஆனால் அது எப்படி வந்தது என்று பார். 1971 டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் மான்ட்ரூ நகரில் உள்ள கேசினோவில் ஆல்பம் பதிவு செய்யப் போனார்கள். அதற்கு முன் அங்கே அமெரிக்க ராக் கலைஞர் ஃபிராங்க் ஸாப்பாவின் நிகழ்ச்சி. கூட்டத்தில் யாரோ தீப்பொறித் துப்பாக்கியால் சுட்டுவிட, கட்டிடமே எரிந்துபோனது. ஏரி மேல் புகை படர்ந்ததைத்தான் பாட்டாக்கினார்கள். அப்புறம் சீஸன் முடிந்து மூடிக்கிடந்த ஒரு ஹோட்டலின் நடைகூடத்தில் வாசித்து, வெளியே நின்ற பதிவு வண்டியில் பதிந்தார்கள். வாசித்ததைப் போட்டுக் கேட்க வேண்டுமானால் அறை அறையாகப் புகுந்து, பால்கனி தாண்டி வண்டிக்குப் போக வேண்டும். ஒரு கட்டத்தில் கேட்பதையே விட்டுவிட்டு வாசித்துக்கொண்டே போனார்களாம். 'மெஷின் ஹெட்' ஆல்பத்தின் அந்த வேகம் அப்படி வந்தது. அதிலேயே 'ஹைவே ஸ்டார்' இருக்கிறது. லார்டும் பிளாக்மோரும் அடுத்தடுத்துத் தனியாக வாசிக்கிற இடங்களில் பழைய ஜெர்மன் இசைமேதை பாக்கின் (Bach) இசைச் சாயல் தெளிவாகத் தெரியும்.

உன் நண்பன், செப்பலின் மற்றவர்கள் பாட்டை எடுத்துக்கொண்டார்கள், அதனால் பர்ப்பிள்தான் உசத்தி என்று சொன்னானாமே. அந்த வாதம் எனக்கு வேண்டாம். 'ஹோல் லாட்டா லவ்' விஷயத்தில் அமெரிக்க ப்ளூஸ் பாடலாசிரியர் வில்லி டிக்ஸன் வழக்குப் போட்டதும், பிறகு அவர் பெயர் சேர்ந்ததும் நடந்ததுதான். டிக்ஸனுக்கு அது முதலிலேயே கிடைத்திருக்க வேண்டும். ஆனால் பர்ப்பிளின் 'சைல்ட் இன் டைம்' தொடக்கத்தில் லார்ட் வாசிக்கிற மெட்டும் சான் பிரான்சிஸ்கோ குழு ஒன்றின் 'பாம்பே காலிங்' இசையிலிருந்து வந்ததுதான். இரு பக்கமும் கடன் இருக்கிறது.

1973-க்குப் பிறகு வந்த பர்ப்பிளுக்காக நான் உன்னோடு சண்டை போடமாட்டேன். ஆள் மாறி மாறி, 1984-ல் பழைய ஐந்து பேரும் திரும்பச் சேர்ந்தபோதுகூட அந்தத் தீ முழுசாக வரவில்லை. 1980-ல் பான்ஹாம் இறந்ததும், அவர் இல்லாமல் இனி இல்லை என்று செப்பலின் நிறுத்திக்கொண்டார்கள். அதில் அவர்களை மதிக்கிறேன். என் பர்ப்பிள் 1970 முதல் 1973 வரைதான். அது எனக்குப் போதும்.

இந்த வாரம் 'மேட் இன் ஜப்பான்' முழுவதையும் கேள். ஆபீஸ் போகிற வழியில் துண்டு துண்டாக வேண்டாம், ராத்திரி சாப்பிட்டுவிட்டு ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு உட்கார். 'லேஸி' பாட்டின் தொடக்கத்தில் லார்ட் தனியாக ஆர்கனை என்ன பாடுபடுத்துகிறார் என்று கவனி. அதைக் கேட்ட பிறகும் செப்பலின்தான் என்றால், ஏன் என்று விவரமாக எழுது. போனில் வேண்டாம்.

அன்புடன்,
அம்மா