புண்ணுக்கான தேன் வேறு

கோத்தகிரி

அன்பு மகளுக்கு,

குக்கர் ஆவி அடித்து முன்கை வெந்துபோனதையும், அடுக்களைத் தேனைத் தடவலாமா என்று நீ கேட்டிருந்ததையும் படித்தேன். தடவாதே. எஸ்டேட் ஆஸ்பத்திரியில் முப்பது ஆண்டு கம்பவுண்டராக இருந்தவன் இப்படிச் சொல்லலாமா என்று உன் அம்மாவுக்கு வருத்தம். தேன் புண்ணை ஆற்றும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. அந்தப் புட்டியின்மேல்தான் ஐயம்.

சுசுருத சம்ஹிதையிலேயே தேனும் நெய்யும் புண்ணுக்கு மருந்தாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. நல்ல தேனில் நூற்றுக்கு எண்பது பங்கு சர்க்கரை; ஆகவே அது புண்ணிலிருந்து நீரை உறிஞ்சிக் கிருமியைக் காயவைக்கிறது, அதன் புளிப்பும் கிருமிக்கு ஆகாது. இவற்றைவிட எனக்கு வியப்பளிப்பது, தேனீயின் சுரப்பியிலிருந்து தேனில் சேரும் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்னும் நொதிதான். தேன் கெட்டியாக இருக்கும்வரை அது சும்மா கிடக்கும். புண்ணில் ஊறும் நீர் கலந்து தேன் இளகியதும், நாங்கள் ஆஸ்பத்திரியில் ஊற்றினால் நுரைத்துப் பொங்குமே, அந்த ஹைட்ரஜன் பெராக்சைடைச் சதை பொசுங்காத அளவில் சிறிது சிறிதாக விடும். மிகவும் காய்ச்சிய கடைத்தேனில் இந்த நொதி செத்திருக்கும்.

காய்ச்சாத தேனிலும் வம்பு உண்டு. ஒருமுறை கவாத்துக் கத்தி என் கெண்டைக்காலில் பட்டுவிட்டது. குறும்பர் கொண்டுவந்த பாறைத்தேனை, மூடிக்குக் கீழே நுரை கட்டியிருந்ததைக் கவனிக்காமல், வடிகட்டாமலே வைத்துக் கட்டினேன். மூன்றாம் நாள் கட்டிலிருந்து கள் வாடை வீசியது. பாறைத்தேனில் நீர் அதிகம், அதனால் எளிதில் புளித்துவிடும். ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும் டிரெசர் புண்ணைக் கழுவி, மெழுகுத் துணுக்கோடு ஒரு தேனீக் காலையும் இடுக்கியால் எடுத்து என்னிடமே காட்டினார்.

நீ இருக்கும் நியூசிலாந்தின் ஹாமில்டனில், வைக்காட்டோ பல்கலைக்கழகத்தில்தான் பீட்டர் மோலன் என்னும் அறிவியலாளர், மானுகா என்ற செடியின் பூவிலிருந்து கிடைக்கும் மானுகாத் தேனை ஆராய்ந்தார். அதில் உள்ள மெதைல்கிளையாக்சால் என்னும் வேதிப்பொருள், அந்த நொதியின் துணையில்லாமலே கிருமியைக் கொல்லும். காமாக் கதிரால் தூய்மையாக்கப்பட்டு, காயத்துக்கென்றே டியூபில் வரும் தேனை மருந்துக்கடையில் கேள். கொப்புளத்தை உடைக்காமல், துணிக்கட்டில் தடவி வைத்துக் கட்டு. முதலில் சற்று எரியும். மேலோட்டமான தீப்புண் இப்படிக் கட்டினால் வழக்கமான கட்டைவிடச் சில நாள் முன்னதாகவே ஆறுகிறது. தோல் வெளுத்து உணர்வற்றிருந்தால் தேனைத் தேடாமல் மருத்துவரிடம் போ.

குழந்தையின் நாக்கில் தேன் தொட்டு வைக்கச் சம்பந்தியம்மாள் ஆசைப்படுவதாக எழுதியிருந்தாய். ஒரு வயது நிறையும்வரை ஒரு துளியும் கூடாது. தேனில் இருக்கக்கூடிய பொட்டுலினம் கிருமியின் வித்துகள் பிஞ்சுக் குடலில் முளைத்து நஞ்சைச் சுரக்கும். பிள்ளையின் உடல் துவண்டுவிடும். பெரியவர்கள் மனம் நோகாமல், அப்பா சொன்னார் என்று பழியை என்மேல் போட்டுவிடு.

இந்த ஆண்டுக் கொம்புத்தேன் ஒரு புட்டி எடுத்து வைத்திருக்கிறேன். உங்கள் நாட்டில் தேனை உள்ளே விடமாட்டார்கள் என்பதால், நீ வரும்போதுதான் திறப்போம்.

அன்புடன்,
அப்பா