கொப்பியைக் கொண்டுவந்து தந்த மிஸ்ஸுக்கும், கைகொடுத்த எல்லோருக்கும்

அன்புள்ள உறவுகளே,

வணக்கம். கார்த்திகை மாதத்தில் மண் சரிந்த அந்த இரவைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு, அந்த வரிசை வீடுகளுக்கு, மேலே நின்ற மலை இப்போது எங்கே கிடக்கிறது என்று எல்லோரும் படத்தில் பார்த்துவிட்டீர்கள். பெரியப்பாவின் கருமாதி முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை. உட்கார்ந்து எழுத இன்னும் தெம்பு வரவில்லை. ஆனாலும் நன்றி சொல்வதைத் தள்ளிப்போட மனம் ஒப்பவில்லை.

முதலில் எல்லோருக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பாடசாலைக் கதவைத் திறந்து வகுப்பறைகளை எங்களுக்கு விட்டுத் தந்த ஆசிரியர்களுக்கு. பன்சலை என்கிற பௌத்த விகாரை மண்டபத்தில் பிள்ளைத்தாய்ச்சிகளையும் வயதானவர்களையும் தங்கவைத்த பிக்கு ஹாமதுருவுக்கு. கீழ்க் கிராமத்திலிருந்து மூன்று நாளும் சோற்றுப் பார்சலைத் தலையில் சுமந்து ஏறி வந்த சிங்களச் சகோதரர்களுக்கு. மண்ணை வாரிய படைப் பையன்களுக்கு, தூங்காமல் மெசின் ஓட்டியவருக்கு. யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் லொறியில் பாணும் பால்மாவும் அனுப்பியவர்களுக்கு. கொழும்புக் கடைகளில் வேலை செய்யும் நம்ம தோட்டத்துப் பையன்கள் ஒரு மாதச் சம்பளத்தை அப்படியே அனுப்பினார்கள். ஒவ்வொருவரையும் பேர் சொல்லி நன்றி சொல்லத்தான் ஆசை, ஆனால் யாரையாவது விட்டுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. நீங்கள் செய்தது எங்கள் உடம்பில் ஓடுகிறது.

அப்புறம் ஒருவர். பேர் போடக் கூடாது என்று அவரே கேட்டுக்கொண்டதால் நாங்கள் கூப்பிடுவது போலவே 'மிஸ்' என்று மட்டும் எழுதுகிறேன். முன்பு எங்கள் பிரதேச செயலகத்தில் கலாசார உத்தியோகத்தராக இருந்தவர். இப்போது மாற்றலாகி வேறு இடத்தில் வேலை செய்கிறார்.

மன்மதன் எரிந்த கதையை ஆடுகிற காமன் கூத்து எங்கள் தோட்டத்தில் எத்தனை வருசமாக நடக்கிறது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையில் காமன் கம்பம் ஊன்றினால், பௌர்ணமியில் எரிக்கும் வரை ஊரே விரதம். ரதி, மதன், தூதன், வீரபத்திரர், எமன் எல்லோருமே பகலில் மலையிலும் இஸ்டோர் என்கிற தேயிலை ஆலையிலும் வேலை செய்கிற நம்ம ஆட்கள்தான். பெரியப்பா 19 வயதில் ரதி வேசம் கட்டியவர், பிறகு கூத்து வாத்தியார் ஆனார். அவருடைய கையில் ஒரு சீ.ஆர். கொப்பி, பெரிய நோட்டுப் புத்தகம், இருந்தது. அவருடைய வாத்தியார் சொல்லச் சொல்ல எழுதியது. அந்த வாத்தியார் 1964 இலங்கை-இந்திய ஒப்பந்தத்தில் பெயர் வந்து இந்தியாவுக்குக் கப்பல் ஏறும் முன்னால், ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து பாட்டு முழுவதையும் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனாராம். அந்தக் கொப்பியும் பெரியப்பாவும் தப்பு மேளமும் உறுமியும் வேசக்கட்டுப் பெட்டியும் எல்லாம் ஒரே காம்பராவில், லயத்து அறையில்தான் இருந்தன.

2018இல், பெரியப்பாவைக் கலாபூஷணம் விருதுக்கு விண்ணப்பிக்கச் சொல்லி நான்தான் வற்புறுத்திக் கூட்டிக்கொண்டு போனேன். 60 வயதைத் தாண்டிய கலைஞர்களுக்கு அரசு கொடுக்கிற விருது அது. அதற்கு முன்பே அலைந்திருக்கிறோம். ஓர் அலுவலகத்தில் காமன் கூத்து சாமி காரியம், கலைக்குள் வராது என்றார்கள். இன்னொன்றில் இது கலை, சமயத்துக்குள் வராது என்றார்கள். அந்த இரண்டு மேசைக்கும் நடுவில் பெரியப்பா செருப்பைக் கழற்றிவிட்டு நின்றது இன்றைக்கும் நெஞ்சில் குத்துகிறது. சாமியும் ஆட்டமும் எங்களுக்கு ஒன்றுதான். அதைப் பிரித்துச் சொல்லச் சொன்னால் எப்படிச் சொல்வது?

மிஸ் மட்டும்தான் அவரை உட்காரச் சொன்னார். விண்ணப்பத்தோடு ஆதாரம் வைக்க வேண்டும், பத்திரிகைச் செய்தி, அழைப்பிதழ், சான்றிதழ் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். பெரியப்பாவிடம் ஒன்றுமே இல்லை. "அம்பது வருசமா ஆடுறேன் மிஸ். ஊருதான் சாட்சி. ஊரை போட்டோக் கொப்பி எடுக்க முடியுமா?" என்றார். மிஸ் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, அவர் மடியில் வைத்திருந்த கொப்பியைப் பார்த்து, "அப்ப அதைத் தாங்க ஐயா" என்றார்.

அன்றைக்கு அலுவலக மெசின் வேலை செய்யவில்லை. மிஸ் எங்களைக் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் போட்டோக் கொப்பி எடுக்கிற கொமினிகேசன் கடைக்குப் போனார். 68 பக்கம். கொப்பியின் முதுகு விட்டுப்போயிருந்ததால் ஒவ்வொரு தாளையும் அழுத்திப் பிடிக்க வேண்டியிருந்தது. பெரியப்பா வேறு யாரையும் தொடவிடவில்லை, தானே பிடித்தார். இரண்டு பிரதி. ஒன்று விண்ணப்பத்தோடு போனது, ஒன்றை ஆபீஸ் பைலில் வைத்தார். காசையும் மிஸ்தான் கொடுத்தார்.

விருது வரவில்லை. நான் கோபப்பட்டேன், பெரியப்பா படவில்லை. "ஒரு கவருமென்டு ஆளு நம்ம பாட்ட ஒக்காந்து வாசிச்சுச்சு, போதும்டா" என்றார். சரி, அதோடு நானும் அந்த விசயத்தை மறந்துவிட்டேன்.

மிஸ் மறக்கவில்லை. செய்தியில் எங்கள் தோட்டத்தின் பெயரைப் பார்த்ததும் பழைய அலுவலகத்துக்குப் போன் எடுத்திருக்கிறார். அங்கே இப்போது இருக்கிற உத்தியோகத்தரும் அலுவலக உதவியாளரும் அலுமாரியைக் கவிழ்த்து இரண்டு நாள் தேடியிருக்கிறார்கள். அவர்களுக்கும் என் கும்பிடு. பைல் கிடைத்ததும் மிஸ் லீவு போட்டு, இரண்டு பஸ் மாறி, பாதை உடைந்த இடத்திலிருந்து நடந்தே முகாமுக்கு வந்தார். கருமாதிக்கு மறுநாள். தாள்களை ஸ்பைரல் போட்டு, பொலித்தீனில் சுற்றி, அதற்கு மேல் ஒரு துண்டும் சுற்றியிருந்தது. என் கையில் கொடுத்துவிட்டு, "விருதுதான் வாங்கிக் கொடுக்க முடியல்ல தம்பி" என்றார். அதற்கு மேல் அவராலும் பேச முடியவில்லை, என்னாலும் முடியவில்லை.

பிரித்துப் பார்த்தேன். ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் கறுப்பாக ஒரு பெருவிரல் விழுந்திருக்கிறது. தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி பட்டு நகம் பிளந்த பெரியப்பாவின் விரல். 68 பக்கத்திலும் இருக்கிறது.

அன்றிலிருந்து ஒன்றையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். கலைக்கு அரசு உதவி என்றால் மேடை, பொன்னாடை, காசோலை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அவையும் வேண்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எங்களைக் காப்பாற்றியது ஒரு பைல். அன்றைக்கு முகாமில் தேத்தண்ணி குடிக்கும்போது மிஸ் ஒரு விசயம் சொன்னார். 1952இல் சட்டம் போட்டு அமைத்த இலங்கைக் கலைக் கழகத்தில், பேராசிரியர் சு. வித்தியானந்தன் தமிழ் நாடகக் குழுவுக்குத் தலைவராக இருந்த காலத்தில், மட்டக்களப்பு, மன்னார், யாழ்ப்பாணம் என்று கூத்துப் பழக்குகிற அண்ணாவிமாரைத் தேடிப் போனார்களாம். போட்டி வைத்தார்களாம், கௌரவித்தார்களாம், கொப்பியில் கிடந்த கூத்துகளை அச்சில் போட்டார்களாம். அச்சில் வந்த கூத்தை எந்த மண்ணும் மூட முடியாது. எங்கள் லயங்களுக்கும் அந்தக் காலத்தில் யாராவது அப்படி ஏறி வந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. அப்போது எங்களில் பெரும்பாலானோருக்குக் குடியுரிமையே இல்லை. 1948இல் பறித்ததுதான் பறித்தது. நாட்டில் இல்லாத ஆளின் பாட்டை யார் தேடப் போகிறார்கள்?

இப்போது தேட ஆள் இருக்கிறார்கள், ஆனால் போதாது. 2012 கணக்கெடுப்பில் அம்பகமுவ, நுவரெலியா பிரதேச செயலகப் பிரிவுகள் ஒவ்வொன்றிலும் 2 இலட்சத்துக்கும் மேல் ஜனம் இருந்தது. அவ்வளவு பெரிய ஓர் இடத்தில் ஒன்றிரண்டு உத்தியோகத்தர்கள் எத்தனை தோட்டத்துக்கு ஏறி இறங்குவார்கள்? அப்படி இருந்தும் ஒருவர் உட்கார்ந்து 68 பக்கம் பிரதி எடுத்தாரே, அதை நினைத்தால்தான் கண் நிறைகிறது.

பெரியப்பாவின் படத்துக்கு முன்னால் ஒரு சத்தியம் செய்திருக்கிறேன். வருகிற மாசியில், கூடாரத்தில் இருந்தாலும் சரி, பாடசாலை மைதானத்தில் என்றாலும் சரி, காமன் ஊன்றுவோம். பாட்டு முழுவதையும் நானே எழுத்துக்கூட்டித் தட்டச்சு செய்து, பிரதேச செயலகத்துக்கும் நூலகத்துக்கும் மிஸ்ஸுக்கும் பக்கத்துத் தோட்டங்களுக்கும் ஒவ்வொரு பிரதி கொடுப்பேன். தப்புக்கும் உடுப்புக்கும் உதவி கேட்டு விண்ணப்பம் நிரப்பியாகிவிட்டது. ஆதாரம் என்ற இடத்தில் இந்தமுறை எழுத எங்களிடம் ஏதோ இருக்கிறது.

ஒரு உதவி மட்டும் பாக்கி. பிரதியில் 41ஆம், 42ஆம் பக்கங்கள் கோணலாக விழுந்து, வரிகளின் கடைசி வெட்டுப்பட்டிருக்கிறது. எரிந்த மதனைத் தேடி ரதி அழுகிற இடம். முகாமில் இருக்கிற பாட்டிமார் ஆளுக்கொரு வரி பாடி முக்கால்வாசியைச் சேர்த்துவிட்டார்கள். நான்கு வரி இன்னும் கிடைக்கவில்லை. கப்பல் ஏறிப் போன எங்கள் ஆட்கள் கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டங்களில் இருப்பதாகக் கேள்வி. உங்கள் வீட்டில் காமன் பாட்டுத் தெரிந்த கிழவர், கிழவி யாராவது இருந்தால், ரதி ஒப்பாரியைப் பாடச் சொல்லி ஒலிப்பதிவு பண்ணி அனுப்புங்கள். மூன்றாம் பிறைக்குள் கிடைத்தால் இந்த வருசமே பாடிவிடுவோம்.